கையெழுத்து வாங்கினால் பயிற்சியா?

“தொழிலாளி கவனமாக இருந்திருந்தால் செத்திருக்க மாட்டான்!” மின்சாரம் தாக்கி ஓர் உயிர் போனதும் நிர்வாகத்தின் வாயிலிருந்து வரும் முதற்சொல் இதுதான். தோழர்களே, நாம் கேட்கிறோம்: கவனமாக இருப்பது எப்படி என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? எப்போது? எந்த மொழியில்?

ரப்பர் ஆலையின் தரையைப் பாருங்கள். தொட்டி கழுவிய நீரும், உருளைகளில் பிழிந்து வழியும் திராவக நீரும் நாள் முழுதும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஈரத்தில் நின்றுதான் நம்மவர் மோட்டார் சுவிட்சைத் தட்டுகிறார். 60 வாட் குண்டு விளக்கு எரியக் கால் ஆம்பியர் மின்சாரம் வேண்டும். அதில் எட்டில் ஒரு பங்கு மார்பின் வழியே பாய்ந்தாலே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடும். உலர்ந்த தோல் ஓரளவு தடுக்கும். நனைந்த தோல் கைவிட்டுவிடும். இந்த ஒரு செய்தியாவது பெரட்டில் சொல்லப்பட்டதுண்டா?

ஆபத்து ஆலையோடு நிற்கவில்லை. ரப்பர் மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். பால் வாளி தூக்கிய கை அலுமினியக் கம்பம் பிடித்தது. குலை அறுக்கும் அந்தக் கம்பம் 30 அடியையும் தாண்டும். மேலே 11,000 வோல்ட் கம்பி போகிறது. கம்பம் அதைத் தொடவே வேண்டியதில்லை, மிக நெருங்கினாலே மின்சாரம் பாய்ந்துவிடும். கம்பியோரத்து மரத்தை எப்படி அறுப்பது, அறுக்கலாமா கூடாதா என்று வகுத்துச் சொல்ல வேண்டியது நிர்வாகமா, குலைக் கணக்கில் கூலி வாங்கும் தொழிலாளியா?

“சார்ஜ்மேன் இருக்கிறாரே” என்பார்கள். இருக்கட்டும். அவர் ஒவ்வோர் உருளையின் பக்கத்திலுமா நிற்கிறார்?

நாங்கள் போயிருந்த ஒரு தோட்டத்தில், பயிற்சி நடந்ததற்குச் சான்றாகக் கிராணி ஓர் ஏட்டை நீட்டினார். பக்கம் நிறையக் கையெழுத்து! அதில் ஒருவரைக் கேட்டோம்: “பக்கத்து ஆளைக் கரண்டு பிடித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள், தம்பி?” “ஓடிப்போய் இழுப்பேன் அண்ணே” என்றார். ஒரு பிணம் இரண்டாகும் வழி இது. முதலில் மெயின் சுவிட்சை அடைக்க வேண்டும் என்பதையோ, அது எந்தச் சுவரில் இருக்கிறது என்பதையோ அவருக்கு யாரும் காட்டவில்லை. வங்காளதேசத் தோழர் ஒருவரும் அதே ஏட்டில் ஒப்பமிட்டிருந்தார். மலாயில் ஏதோ படித்தார்களாம், தலையாட்டினாராம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. தகவலும் பயிற்சியும் மேற்பார்வையும் தருவது முதலாளியின் கடமை என்கிறது 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். 2024 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், அக்கடமையை மீறினால் விதிக்கக்கூடிய உச்ச அபராதத்தை 50,000 வெள்ளியிலிருந்து 5 லட்சமாக உயர்த்தியது. உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையும் நமக்கு உண்டு. ஏட்டில் ஒப்பம் வாங்கியவர் இதை வாசித்துக் காட்டினாரா? ஏன் காட்டப்போகிறார்!

பயிற்சி வேலை நேரத்தில் நடக்க வேண்டும். கூலி குறையக் கூடாது. அவரவர் மொழியில், சுவிட்சின் முன்னால் நிறுத்தி, கையால் செய்துகாட்ட வேண்டும். 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைப்பது சட்டக் கட்டாயம். அதில் வெட்டுக்காரரும் ஆலைத் தொழிலாளரும் உட்கார வேண்டும். தோழர்களே, அடுத்த முறை ஏடு நீட்டப்பட்டால், மெயின் சுவிட்சைக் காட்டும்வரை பேனாவைத் தொடாதீர்கள்!