எல்லா டெஸ்ட்டும் பாஸ்... பிறகு ஏன் 85 லட்சம் கணினிகள் முடங்கின?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9.39 மணி. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம், வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சின்ன அப்டேட்டை அனுப்பியது. கொஞ்ச நேரத்திலேயே உலகம் முழுக்க ஆபீஸ் திரைகள் நீல நிறமாக மாறத் தொடங்கின. 78 நிமிடங்களில் அந்த அப்டேட் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. ஆனால் அதற்குள், மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி, சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கியிருந்தன. அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் மட்டும் அடுத்த சில நாட்களில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது. இந்திய விமான நிலையங்களில் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸுடன் பயணிகள் நின்ற படங்கள் வைரலாகின.

"டெஸ்ட் பண்ணாமலே அனுப்பிட்டாங்களா?" என்றுதான் அன்று பலரும் கேட்டார்கள். டெஸ்ட் பண்ணியிருந்தார்கள். எல்லாமே பாஸ்!

யாரும் பார்க்காத 21-வது கட்டம்

க்ரவுட்ஸ்ட்ரைக் மென்பொருளில் இரண்டு பகுதிகள் உண்டு. கணினியிலேயே உட்கார்ந்து காவல் காக்கும் சென்சார் ஒன்று. புதிய தாக்குதல்களை அடையாளம் காண அதற்கு அடிக்கடி அனுப்பப்படும் குறிப்புகள் இன்னொன்று. சென்சாரின் புதிய வெர்ஷனை உடனே ஏற்காமல் ஒரு வெர்ஷன் பின்தங்கியே இருக்க வாடிக்கையாளருக்கு வசதி இருந்தது. குறிப்புகளுக்கு அப்படி எதுவும் இல்லை. வந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும்.

2024 பிப்ரவரியில் ஒரு புது வகைக் குறிப்பு அறிமுகமானது. அதன் வரையறையில் 21 கட்டங்கள். சென்சாரின் கோட் கொடுத்ததோ 20 மதிப்புகள்தான். இந்த வித்தியாசம் டெஸ்ட்டில் ஏன் சிக்கவில்லை? 21-வது கட்டத்தில் 'எது வந்தாலும் சரி' என்ற பொதுக்குறியையே போட்டு டெஸ்ட் செய்திருந்தார்கள். அதனால் சென்சார் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. மார்ச்சில் நடந்த சோதனை பாஸ். ஏப்ரலில் போன அப்டேட்களிலும் பிரச்னை இல்லை. ஜூலை 19 அன்றுதான் முதல்முறையாக 21-வது கட்டத்தில் நிஜமான நிபந்தனை ஒன்று வந்தது. அப்டேட்டைச் சரிபார்க்கும் புரோகிராமும் 21 மதிப்புகள் இருக்கும் என்றே நம்பி அதை அனுமதித்தது. சென்சார் இல்லாத மதிப்பைத் தேடிப்போக, விண்டோஸ் அப்படியே படுத்துவிட்டது.

வேகம் தேவைதான், ஆனால்...

ஒரு காலத்தில் டெவலப்பர் கோட் எழுதி முடிப்பார், தனி டெஸ்டிங் டீம் வாரக்கணக்கில் அதைக் குடைந்து பார்க்கும், பிறகு ரிலீஸ். இன்று கோடில் ஒரு வரியை மாற்றினாலே ஆயிரக்கணக்கான ஆட்டோமேஷன் டெஸ்ட்டுகள் தானாக ஓடுகின்றன. ஒரே நாளில் பல ரிலீஸ்கள் போகின்றன. முதலில் ஒரு சதவீதம் பேருக்கு மட்டும் அனுப்பி, சிக்கல் இல்லையென்றால் மற்றவர்களுக்கு விரிக்கும் 'கேனரி' முறையும் வந்துவிட்டது. சுரங்கத்தில் விஷவாயுவை அறிய முன்பு கொண்டுபோன கேனரி பறவையின் பெயர்தான் அது. இதெல்லாம் நல்ல மாற்றங்கள். பழைய முறைக்குத் திரும்பச் சொல்பவர்கள் யாருமில்லை.

ஆனால் இந்த ஓட்டத்தில் ஒரு நாற்காலி காலியாகிக்கொண்டிருக்கிறது. "இது உடையும்" என்று சந்தேகப்படுவதையே வேலையாகக் கொண்ட ஆளின் நாற்காலி அது. ஆட்டோமேஷன் டெஸ்ட், யாரோ ஏற்கெனவே யோசித்த கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கும். யோசிக்காத கேள்வியை அது கேட்காது. இப்போது ஏ.ஐ. வேறு சேர்ந்திருக்கிறது. கூகுளின் புதிய கோடில் கால்பங்குக்கும் மேல் ஏ.ஐ. எழுதுகிறது, பிறகு இன்ஜினீயர்கள் பார்த்து ஒப்புதல் தருகிறார்கள் என்று சுந்தர் பிச்சை 2024 அக்டோபரில் சொன்னார். கோடையும் ஏ.ஐ. எழுதி, அதற்கான டெஸ்ட்டையும் அதே ஏ.ஐ. எழுதினால், '21 இருக்கும்' என்ற அதே அனுமானம் இரண்டு இடத்திலும் உட்காரும். ரெண்டும் பச்சை விளக்கு காட்டும்.

சென்னை ஓ.எம்.ஆரில் இது வெறும் டெக் செய்தி இல்லை, சம்பள விஷயம். மெக்கானிக்கல், ட்ரிபிள்-ஈ படித்துவிட்டு மேனுவல் டெஸ்டிங் வழியாக ஐ.டி.க்குள் நுழைந்தவர்கள் ஏராளம். "மேனுவலா? அதுக்கு ஃப்யூச்சர் இல்லப்பா, செலினியம் கத்துக்கோ" என்று சீனியர்கள் சொல்வது பாதி சரி. ஒவ்வொரு ரிலீஸுக்கும் அதே 200 டெஸ்ட் கேஸ்களை க்ளிக் செய்யும் வேலை மெஷினுக்கே போகட்டும்.

மீதிப் பாதிக்கு ஓர் உதாரணம், ஆப்களில் வரும் 'லாஸ்ட் நேம்' கட்டம். தமிழ்நாட்டில் பலருக்கு ஒரு பெயர், ஒரு இனிஷியல், அவ்வளவுதான். லாஸ்ட் நேம் கட்டாயம் என்பார்கள். 'கே' என்று ஓர் எழுத்தைப் போட்டால் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்பார்கள். கடைசியில் அப்பா பெயரைப் போட்டு டிக்கெட் எடுத்தால், ஐ.டி. கார்டில் உள்ள பெயரோடு பொருந்தாது. டெஸ்ட் டேட்டாவில் எல்லோருக்கும் அழகாக இரண்டு பெயர் இருந்திருக்கும், எல்லா டெஸ்ட்டும் பாஸாகியிருக்கும். இதை பக் என்று முதலில் பிடிக்கக்கூடியவர், பெயரோடு இனிஷியல் வைத்திருக்கும் ஒரு டெஸ்டர்தான். அவர் பேச்சுக்கு ரிலீஸை நிறுத்தும் பலம் இருக்கிறதா, இல்லை 'லோ பிரையாரிட்டி' என்று டிக்கெட் மூடப்படுகிறதா என்பதைத்தான் நிறுவனங்களிடம் கேட்க வேண்டும்.

க்ரவுட்ஸ்ட்ரைக் பிறகு பலவற்றை மாற்றியது. பொதுக்குறி இல்லாத டெஸ்ட்டுகளைச் சேர்த்தது. குறிப்புகளையும் இனி கட்டம் கட்டமாகவே அனுப்புவதாகவும், எப்போது ஏற்பது என்பதில் வாடிக்கையாளருக்குக் கட்டுப்பாடு தருவதாகவும் அறிவித்தது. அதற்கு முன், முடங்கிய கணினிகளில் பெரும்பாலானவற்றை ஐ.டி. ஊழியர்கள் ஒவ்வொன்றாக சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு ஃபைலைக் கையாலேயே அழிக்க வேண்டியிருந்தது.