யவீருவின் வீட்டில் கொடுக்கப்பட்ட ஆகாரம்

தியானப் பகுதி: மாற்கு 5:35-43



யவீருவின் மகள் மரித்துவிட்டாள் என்று செய்தி வந்த பின்னும் கர்த்தர் அந்த வீட்டுக்குப் போனார்; பன்னிரண்டு வயதுச் சிறுமியைக் கைப்பிடித்து எழுப்பினார். இந்த அற்புதத்தைப் பற்றி நாம் எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். ஆனால் மாற்கு தம் வரலாற்றை முடிக்கும் இடம் வேறு. எழுந்து நடந்த பிள்ளைக்கு உண்ணக் கொடுக்கும்படி கர்த்தர் வீட்டாருக்குச் சொன்னார். மரித்தவளை உயிரோடு எழுப்பியவர் அவள் பசியையும் அற்புதத்தாலேயே ஆற்றியிருக்க முடியாதா? முடியும். ஆயினும் அந்தக் கடமையைப் பெற்றோரின் கையில் விட்டார்.

இதை இந்த வாரம் எழுதக் காரணம், செட்டியார்பட்டியிலும் தளவாய்புரம், சேத்தூர்ப் பக்கங்களிலும் நம் ஜனங்களிடையே உலவுகிற ஒரு போதனை. வியாதிப்பட்ட பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுபோவது அவிசுவாசமாம். மாத்திரையைக் கையில் எடுத்தால் ஜெபம் கேட்கப்படாதாம். இதற்கு அவர்கள் காட்டும் முதல் சாட்சி ஆசா ராஜா. கால் நோயில் அவன் பரிகாரிகளைத் தேடினான், ஆகவே மாண்டான் என்கிறார்கள். 2 நாளாகமம் 16ஆம் அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து வாசியுங்கள். தேவாலயத்துப் பொன்னை எடுத்துச் சீரியாவின் ராஜாவுக்கு அனுப்பியவன் அவன். கண்டித்த தீர்க்கதரிசியைச் சிறையில் அடைத்தவன் அவன். நோய் வருமுன்பே கர்த்தரை விட்டு விலகியவன், நோயிலும் அவரைத் தேடவில்லை. அங்கே குற்றம் தேடாமையில் இருக்கிறது, மருந்தில் அல்ல. மருந்தே குற்றமானால் எசேக்கியா ராஜாவின் பிளவைமேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொன்ன ஏசாயாவை என்ன செய்வது? அதுவும் பதினைந்து வருடம் கூட்டித் தருவேன் என்ற வாக்குத்தத்தம் கிடைத்த பிறகு! பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியன். துரோப்பீமு என்ற ஊழியனையோ பவுல் வியாதியாகவே மிலேத்துவில் விட்டுவந்தார். அவன் விசுவாசத்தைக் குறைகூறி ஒரு சொல்லும் எழுதவில்லை.

வளர்ந்தவர் ஒருவர் தமக்கு மருந்து வேண்டாம் என்பாரானால் அது அவருக்கும் தேவனுக்கும் இடையில் உள்ள காரியம் என்று விட்டுவிடலாம். எட்டு மாதக் குழந்தை எந்த உபதேசத்தையும் ஏற்றுக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அதன் மூச்சைப் பந்தயமாக வைத்துப் பெரியவர்கள் தங்கள் விசுவாசத்தைக் காட்டுவதற்கு வேதத்தில் எங்கே இடம் இருக்கிறது?

இந்தப் போதனையைக் கேட்டுச் சிரிக்கிற நம் பழைய சபையாரையும் நான் விடுவதாக இல்லை. பேதியாகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று நாவை வறளவிடுகிறவர்கள் யார்? வாந்தி என்றதும் தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் யார்? தட்டம்மை கண்டால் அம்மன் என்ற பேரை மட்டும் விட்டுவிட்டு, வேப்பிலையும் பத்தியமும் மருத்துவரை அண்டாத பயமும் அப்படியே வைத்திருக்கிறோம். தட்டம்மையைத் தொடர்ந்து வரும் நிமோனியாவும் வயிற்றுப்போக்குமே பல பிள்ளைகளைக் கொல்கின்றன. அதைத் தடுக்கும் ஊசி 9ஆம் மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று, அரசாங்கத்தால் இலவசமாகப் போடப்படுகிறது.

தண்ணீரைப் பற்றி மேலும் சொல்ல வேண்டும். 1971இல் வங்காளத்தில் யுத்தத்துக்குத் தப்பி வந்த அகதிகள் எல்லையோரப் பொங்காவ் முகாமில் காலராவில் விழுந்தார்கள். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோயிற்று. திலீப் மஹலனபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, தாய்மாரும் உறவினரும் குவளையால் மொண்டு புகட்டும்படி செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது. குடலில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உறிஞ்சப்படும்போது தண்ணீரும் அவற்றின் பின்னே உள்ளே போகிறது. பேதி நடக்கும்போதே இது நடக்கும். இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வழியில் வந்ததுதான். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைக் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் முழுவதும் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலையும் ஆகாரத்தையும் நிறுத்தாதீர்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் துத்தநாக மாத்திரை நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், பேதி நின்றாலும் 14 நாள். கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது. அப்படிப்பட்ட பானங்களின் பேரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லே இருக்கக்கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

சளி பிடித்த எல்லாப் பிள்ளைக்கும் ஆஸ்பத்திரி வேண்டியதில்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக்கும் வேண்டியதில்லை. ஆனால் மூச்சை எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளை அழாமல் அமைதியாய் இருக்கையில் சட்டையை உயர்த்தி, ஒரு முழு நிமிடம். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற எண்ணை எட்டினாலே அது வெறும் சளி அல்ல. மூச்சு இழுக்கையில் நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால் தாமதிக்கவே கூடாது. பால் குடிக்க மாட்டாத பிள்ளை, குடித்ததையெல்லாம் கக்குகிற பிள்ளை, வலிப்பு கண்ட பிள்ளை, எழுப்பினாலும் சோர்ந்து கிடக்கிற பிள்ளை, கண் குழிந்து சிறுநீர் வற்றிய பிள்ளை, இவர்களுக்கு விடியட்டும் என்ற பேச்சே இல்லை. டெங்கு காலத்தில் இன்னொன்று: காய்ச்சல் விட்ட நாளிலேதான் வயிற்றுவலியும் ஓயாத வாந்தியும் இரத்தக் கசிவும் ஆபத்தாக வரும். காய்ச்சல் இறங்கியதும் சுகம் கிடைத்தது என்று சாட்சி சொல்ல எழுந்து நிற்கிற அவசரம் அப்போது ஆகாது.

பிள்ளைகளுக்காக ஜெபிக்க வீடுகளுக்குப் போகிற மூப்பர்களே, பெண்கள் ஐக்கியச் சகோதரிகளே, தலையில் கை வைக்குமுன் அந்த ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்று தாயிடம் கேளுங்கள். மேலே சொன்ன அடையாளங்களில் ஒன்றைக் கண்டால் முதலில் 108ஐ அழையுங்கள், பிறகு முழங்காற்படியிடுங்கள். வண்டி வந்ததும், ஜெபம் எந்த இடத்தில் இருந்தாலும் ஆமென் சொல்லிப் பிள்ளையை ஏற்றுங்கள். ஒருவர் கூடவே இராஜபாளையம் அரசு மருத்துவமனை வரைக்கும் போங்கள். மிச்ச ஜெபத்தை வண்டியில் செய்யலாம்.