தோட்டத் தொழிலாளரைக் கேளாமல் செய்த உடன்படிக்கை

துறையூர், நவம்பர் 1964

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் 30-ஆம் தேதி புது தில்லியில் பிரதமர் சாஸ்திரி அவர்களும் இலங்கைப் பிரதமர் சிரிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் செய்துகொண்ட உடன்படிக்கை அண்டை நாடுகளின் நேசத்துக்கு அடையாளமென்று போற்றப்படும் இவ்வேளையில், அதன் பாரத்தைச் சுமக்கப்போகும் தோட்டத் தொழிலாளரை முன்னிட்டு என் ஆட்சேபத்தைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். இலங்கையிலுள்ள இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் நிர்ணயிக்கப்படும் என்று பங்கு பிரித்தவர்கள், அந்த ஜனங்களின் சம்மதத்தை நாடியதாகத் தெரியவில்லை.

எங்கள் துறையூர், முசிறிப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்கக் ஆள்சேர்க்கும் கங்காணியின் பின்னே இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் அநேகர். அவர்களுள் பலர் தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டே கடல் கடந்தார்கள். ஆட்களைத் தருவித்த அக்காலத்தில்கூட, 1922-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பேரில், அவர்களுடைய கூலியையும் க்ஷேமத்தையும் விசாரிக்க இந்திய அரசாங்கத்தின் ஏஜண்டு ஒருவர் கண்டியில் இருந்தார். 1939-இல் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவது தடை செய்யப்பட்டு இருபத்தைந்து ஆண்டுகள் சென்றுவிட்டபடியால், இன்று விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு எழுந்து, தலையில் கூடையை மாட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் பெண் பெரும்பாலும் அந்தத் தோட்டத்து லயத்துக் குடியிருப்பிலேயே பிறந்தவள். துறையூர் அவளுக்குப் பாட்டன் சொல்லக் கேட்ட பெயர். 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் இத்தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது இலங்கைப் பார்லிமெண்டு. வாக்குரிமையும் மறு வருஷமே போயிற்று. அந்த அநீதிக்குப் பரிகாரம் தேடவேண்டிய நம் சர்க்கார், அதன் விளைவில் பெரும்பாகத்தைத் தானே ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறது! காலஞ்சென்ற நேருஜி, 1954-இல் அன்றைய இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையுடன் உடன்பாடு கண்டபோதும், கட்டாயமாக எவரையும் திருப்பி அனுப்புவதற்கு இசையவில்லை.

வருகிறவர்கள் தங்கள் சேமலாப நிதியைக் கொண்டுவரலாம் என்பது சரியே. ஆனால் கொழுந்தெடுப்பதையன்றி வேறு தொழில் அறியாத குடும்பத்துக்கு, மழை பொய்த்த எங்கள் புன்செய்க் காட்டில் என்ன ஜீவனம்? கணவன் ஒரு கணக்கிலும் மனைவி மறு கணக்கிலும் சேர்ந்துவிட்டால் குழந்தைகள் யாருடைய பிரஜைகள்?

ஆகவே, இந்தியாவுக்கு வர மனமொப்பித் தாமே விண்ணப்பிப்பவரைத் தவிர வேறொருவரையும் கப்பலேற்றக் கூடாதென்றும், எந்தக் குடும்பத்தையும் பிரிக்கலாகாதென்றும், வருவோருக்கு நிலமோ தொழிலோ முன்கூட்டியே ஏற்பாடு செய்யவேண்டுமென்றும் சென்னை ராஜ்யத்தின் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் கட்சிபேதமின்றி வற்புறுத்த வேண்டுமெனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகன்