கம்பத்தோடு நின்றுவிடும் கண்ணாடி இழை

பெங்களூரின் பிரேசர் டவுன் ஒரு கொள்ளைநோய்க்குப் பின் பிறந்த பகுதியாகும். 1898இல் நகரைத் தாக்கிய பிளேக், கண்டோன்மென்ட்டில் நெருக்கியடித்து வாழ்ந்த உழைக்கும் மக்களைக் கொத்துக் கொத்தாகப் பலி கொண்டது. அந்த நெரிசலைக் குறைப்பதற்காகத் தெருக்களும் வடிகால்களும் முன்கூட்டியே திட்டமிடப்பட்டு, 1910இல் இப்பகுதி திறக்கப்பட்டது. அன்றைய பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அந்நிய ஆட்சியின் அக்கறை தன் படைமுகாமைப் பற்றியதுதான். ஆயினும், குடிநீரையும் கழிவுநீரையும் ஒவ்வொரு வீட்டுக்காரரின் வசதிக்கு விட்டுவிட முடியாது என்பதை அந்த ஆட்சியும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இன்று புலிகேசி நகர் என்ற அதிகாரப்பூர்வப் பெயருடன் தமிழரும் உருது பேசும் மக்களும் கன்னடரும் ஆங்கிலோ இந்தியரும் கலந்து வாழும் இப்பகுதியில், இணைய இணைப்பு வீட்டுக்காரரின் வசதிக்கு விடப்பட்டிருக்கிறது. பெங்களூரின் எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தாலும், மின்கம்பங்களிலும் மரக்கிளைகளிலும் கறுப்பு வடங்கள் சுருள் சுருளாகத் தொங்குகின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனி வடம் இழுக்கிறது. மாநகராட்சியும் மின்வாரியமும் அவ்வப்போது அவற்றை அறுத்தெறிகின்றன; சில நாள்களில் அவை மீண்டும் ஏறிவிடுகின்றன. திட்டமிடாத சந்தை ஒரு நகரத்தில் எப்படிக் காட்சியளிக்கும் என்பதற்கு இதுவே சான்று.

வீட்டு இணையத்தின் தேவை வளர்ந்துள்ள வேகத்தை அரசின் அளவுகோல்களே காட்டுகின்றன. 2004ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே பிராட்பேண்ட் என்றது. 2013இல் அது 512 ஆயிற்று. 2023 ஜனவரியில்தான் 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. ஆனால் ஒருவரின் சராசரி மாத மொபைல் டேட்டா பயன்பாடோ, 2014இல் சுமார் 62 எம்பி என்றிருந்தது பத்தே ஆண்டுகளில் 20 ஜிபியைத் தாண்டிவிட்டது.

பயன்பாட்டின் அளவு மட்டுமன்றி அதன் தன்மையும் மாறியுள்ளது. முன்பு வீட்டு இணையம் பெரும்பாலும் பதிவிறக்கத்துக்கே பயன்பட்டது. 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக்குப் பின் பள்ளி வகுப்பும் அலுவலகக் கூட்டமும் மருத்துவ ஆலோசனையும் வீட்டுக்குள் வந்தன. இவை அனைத்துக்கும் பதிவேற்ற வேகம் தேவை. பழைய செம்புக் கம்பி இதற்கு ஏற்றதன்று. தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட அதில் வேகம் தேய்கிறது. பதிவேற்றத்துக்கு மிகக் குறைந்த பங்கே கிடைக்கிறது. கண்ணாடி இழையில் செல்லும் ஒளிக்கு நகரத்துத் தூரங்கள் ஒரு பொருட்டல்ல. ஒருமுறை புதைத்த இழையை மாற்றாமலே, இரு முனைகளிலுள்ள கருவிகளை மட்டும் மாற்றி அதன் திறனைப் பன்மடங்கு உயர்த்தலாம்.

ஆனால் ‘ஃபைபர்’ என்று விளம்பரப்படுத்தப்படும் இணைப்புகள் அனைத்தும் வீடு வரை கண்ணாடி இழையாக வருவதில்லை. பல இடங்களில் இழை தெருக் கம்பத்தோடோ கட்டடத்தின் அடித்தளத்தோடோ நின்றுவிடுகிறது. அங்கிருந்து வீட்டுக்குச் சாதாரணக் கம்பியே செல்கிறது. முழு இழை இணைப்பு எது, பாதி இழை எது என்று நுகர்வோருக்குத் தெளிவாகச் சொல்லும் கடமை நிறுவனங்களுக்கு இருக்க வேண்டும்.

இந்தப் பாதி இணைப்பும் எத்தனை வீடுகளுக்கு வாய்க்கிறது? 2024இன் இறுதியில் நாட்டில் இருந்த சுமார் 94 கோடி பிராட்பேண்ட் இணைப்புகளில், கம்பிவழி இணைப்புகள் சுமார் 4 கோடி மட்டுமே. மீதி ஏறத்தாழ முழுவதும் கைப்பேசி. பிரேசர் டவுனை ஒட்டியே தேவர ஜீவனஹள்ளியின் குடிசைப் பகுதிகள் இருக்கின்றன. வசதியுள்ள தெருவுக்கு நான்கு நிறுவனங்கள் போட்டி போட்டு வடம் இழுப்பதும், மாதக் கட்டணம் உறுதியில்லாத சந்துக்குள் எவரும் நுழையாதிருப்பதும் இலாபக் கணக்கின் இயல்பு. கிராமங்களுக்கென்று பாரத்நெட் திட்டமாவது இருக்கிறது. 2011இல் ஒப்புதல் பெற்று, இலக்கு ஆண்டுகளைத் திரும்பத் திரும்பத் தவறவிட்டு, 2023இல் 1.39 லட்சம் கோடி ரூபாயுடன் திருத்தியமைக்கப்பட்ட திட்டம் அது. நகரத்து ஏழைக்கோ அதுவும் இல்லை.

5ஜி வந்துவிட்ட பிறகு வீட்டுக்குக் கம்பி எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். கைப்பேசிக் கோபுரத்தின் அலைவரிசை அப்பகுதியிலுள்ள அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று. மாலை நேரத்தில் நெரிசல் மிகும்போது வேகம் சரிகிறது. நாள் கணக்கில் அளந்து தரப்படும் டேட்டாவில் இரண்டு பிள்ளைகள் வகுப்பில் அமர முடியாது. மேலும், 5ஜி கோபுரத்துக்கே அடியில் கண்ணாடி இழை தேவை.

இப்பணியைச் செய்திருக்க வேண்டிய பொதுத்துறை நிறுவனம் பி.எஸ்.என்.எல். 2000 அக்டோபரில் அது தொடங்கப்பட்டபோது, நாடெங்கும் தொலைபேசி நிலையங்களும் பூமிக்கடியில் வடங்களும் திறமையான தொழிலாளர் படையும் அதன் கையில் இருந்தன. தனியார் நிறுவனங்கள் 4ஜியில் கொழித்த ஆண்டுகளில் அது அலைக்கற்றைக்காகக் காக்க வைக்கப்பட்டது. 2019இல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் ஊதியமின்றித் தவித்தனர். 2020 ஜனவரி 31 அன்று, விருப்ப ஓய்வு என்ற பெயரில், சுமார் 78,000 ஊழியர்கள் ஒரே நாளில் வெளியேறினர். வடத்தைப் பழுதுபார்க்க ஆளில்லாமல் செய்துவிட்டு, பொதுத்துறையின் சேவை சரியில்லை என்று புகார் கூறுவது ஒன்றிய ஆட்சியாளர்களின் பழகிய தந்திரம்.

மாற்று வழி வெறும் கனவல்ல. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2023 ஜூன் 5 அன்று கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கியது. மின்வாரியத்தின் கம்பங்களையும் பாதைகளையும் பயன்படுத்தி, அரசுக்குச் சொந்தமான இழை வலைப்பின்னல் மாநிலமெங்கும் அமைக்கப்பட்டது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் இலக்கு. தொகுதிக்கு 100 வீடு என 14,000 குடும்பங்களுடன் தொடங்கிய முதற்கட்டம் இலக்கை நோக்கிய சிறு அடிதான். ஆயினும் வடம் மக்களின் சொத்தாக இருப்பதால் அடுத்த வீட்டுக்கு அதை நீட்டுவது அரசியல் முடிவாகிறது. முதலாளியின் தயவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. முதலாளித்துவத்தின் தலைமையகமான அமெரிக்காவிலேயே, சட்டனூகா நகரின் பொதுத்துறை மின்நிறுவனம் 2010இல் தன் சேவைப் பகுதி முழுவதற்கும் நொடிக்கு ஒரு கிகாபிட் இணைப்பை வழங்க முன்வந்தது.

2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. புதிய அமைப்புகளிடம் பகுதி மக்கள் வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. சாலை தோண்டும் ஒவ்வொரு முறையும் பொதுக் குழாய்ப் பாதை அமைக்கப்பட வேண்டும். அதில் செல்லும் இழை பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். நிறுவனங்கள் வாடகை செலுத்தி அதைப் பயன்படுத்தட்டும். பணக்காரத் தெருவுக்கும் குடிசைப் பகுதிக்கும் ஒரே காலக்கெடுவில் முழு இழை இணைப்பு சென்றடைய வேண்டும். பி.எஸ்.என்.எல்.லில் நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். கம்பமேறி வடம் இழுக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்குப் பாதுகாப்புக் கருவியும் நியாயமான ஊதியமும் காப்பீடும் உறுதி செய்யப்பட வேண்டும். வீட்டு இணைப்பின் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட வேண்டும்.

இணையத்தை அணுகும் உரிமை, கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் 2019இலேயே தீர்ப்பளித்துவிட்டது. தீர்ப்பிலுள்ள உரிமை தானாகச் சந்துக்குள் நடந்து வராது. குடிநீருக்காகவும் மின்சாரத்துக்காகவும் வார்டு வார்டாகத் திரண்ட மக்களை, கண்ணாடி இழைக்காகவும் திரட்டுவது கட்சிக் கிளைகளின் இன்றைய பணி.