அம்பாசடரின் அமெரிக்க சித்தப்பா

அமெரிக்காவில் 'ஸ்டாக் கார்' ரேஸ் என்று ஒன்று உண்டு. ஸ்டாக் என்றால் ஷோரூம் ஸ்டாக். கடையில் வாங்கிய காரை அப்படியே கொண்டுவந்து பந்தயத்தில் விடுவது. 1949-ல் நாஸ்கார் அமைப்பு இந்தப் போட்டியை ஆரம்பித்தபோது கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. இப்போது அந்தக் கார்களில் ஷோரூம் சமாசாரம் என்று பார்த்தால் பெயர்தான் மிச்சம். ஹெட்லைட்கூட வெறும் ஸ்டிக்கர்!

ஆனால், பானெட்டைத் திறந்தால் ஓர் ஆச்சரியம். எட்டு சிலிண்டர், ஆறு லிட்டருக்குக் கொஞ்சம் குறைச்சல், நிமிஷத்துக்கு 9,000 சுற்று... எல்லாம் சரி. வால்வைத் திறக்கிற விதம் மட்டும் தாத்தா காலத்தது. கேம்ஷாஃப்ட் கீழே பிளாக்கில் படுத்திருக்கும். அங்கிருந்து புஷ்ராட் என்கிற குச்சிகள் மேலே எம்பி வால்வைத் திறக்கும். நம் 1,489 சிசி அம்பாசடரிலும் இதே ஏற்பாடுதான்! கார்புரேட்டரைக்கூட அவர்கள் 2012-ல்தான் கைவிட்டார்கள். நம்ம மாருதி 800 அதற்குப் பல வருஷம் முன்பே இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டது. (இதைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொல்லலாம்.)

நமக்கும் இந்தச் சரித்திரம் உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் விட்டுச்சென்ற விமான ஓடுபாதையில், ஃபியட்டும் ஹெரால்டும் சீறின. 1980-களின் கடைசியில் கோவை கரிவரதன் ஒரு காரியம் செய்தார். பால் வாங்கப் போகிற மாருதி 800-ன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜினை எடுத்து, ஒற்றை சீட் ரேஸ் காரில் வைத்தார். பெயர் ஃபார்முலா மாருதி. எல்லோருக்கும் ஒரே மாதிரி இன்ஜின். ஆகவே, ஜெயிப்பது பணமல்ல, ஓட்டுகிற கை. அதில் ரேஸ் பழகிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். அதைப் பார்க்கத்தான் கரிவரதன் இல்லை. 1995-லேயே விமான விபத்தில் போய்விட்டார்.

இந்தக் கதையெல்லாம் எங்கள் கணியம்பாடி மெக்கானிக் ஷெட்டில் ஒரு பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தோல் கம்பெனி ஆபீஸில் வேலை. பழைய மாருதி 800 ஒன்றை வாங்கிவிட்டான், அப்பாவின் பி.எஃப். பணத்தில். சைலன்ஸரைக் கழற்றச் சொல்லி நின்றான். ராத்திரி ஆரணி ரோட்டில் சிநேகிதனோடு பந்தயமாம்.

"அதே இன்ஜின்தானேண்ணா? கண்ணமங்கலம் வரைக்கும்தான்!"

"இன்ஜின் அதேதாம்பா. ரோடுதான் வேற" என்றேன்.

இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து டிராக் இருக்கிறது. அங்கே எதிரே லாரி வராது. ஷிஃப்ட் முடிந்து ஷூ கம்பெனி பெண்கள் ரோட்டைக் கடக்க மாட்டார்கள். ரெடியாக ஆம்புலன்ஸ் நிற்கும்.

பையன் மெக்கானிக்கைப் பார்த்தான். அவர் காருக்கடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"சைலன்ஸரைக் கழட்டினா சத்தந்தான் ஏறும், ஸ்பீடு ஏறாது. பின்னால பிரேக் ஷூ ரெண்டும் தேஞ்சு கெடக்கு. அத மாத்தட்டுமா, வேணாமா? இன்னா சொல்ற?"

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் செல்போனை எடுத்து சிநேகிதனைக் கூப்பிட்டான்.

"மச்சான், இன்னிக்கு வேணாண்டா. வண்டி ஷெட்டுல நிக்குது."