ஆராய்ச்சிப் பணம் பிச்சையன்று

கண்டி–மாத்தளைப் பெருவீதியில் உள்ளது நம் அலவத்துகொட. அதற்கு அயற்பகுதியான பாத்த தும்பறையின் கிராமங்களை ஆராய்ந்து, சர்க்காரும் எஸ். ஜே. தம்பையாவும் எழுதிய ஆங்கில நூலை 1957இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. 'சிதைந்துவரும் கிராமம்' என்பது அதன் தலைப்பின் பொருள். மறு ஆண்டே, வாரக்குடிகளுக்குக் காப்பளிக்க நெற்காணிச் சட்டம் பிறந்தது. நூலொன்றே சட்டத்தைப் பெற்றது என்பது நம் வாதமன்று. ஆயினும் சான்றின்றி வழக்கில்லை; செலவின்றிச் சான்றில்லை!

யாழ்ப்பாணத்துத் தமிழரான அத்தம்பையா பின்னர் ஹார்வர்டிற் பேராசிரியரானார். 1997இல் பல்சான் பரிசு பெற்றார். இன்று நம்மூரில் அத்தகைய இளைஞன் ஒருவன் தோன்றினால் எவ்வாசலிற் போய் நிற்பான்? அரசின் பந்தியில் சமூகவியலுக்குக் கடைசி இலை. அந்நிய நிறுவனங்களோ பணத்தோடு கேள்வியையும் கட்டியனுப்புகின்றன. மிளகும் கராம்பும் விளைத்தவன் கைக்கு விலையில் எத்தனை பங்கு வருகிறது? லயத்துப் பிள்ளை பள்ளியை ஏன் விடுகிறான்? இவற்றைக் கேட்க எவர் பணம் தருவார்?

பணம் கொடுப்பவனே கேள்வி கேட்பான். ஆகவே நாமே கொடுப்போம்! வழக்கறிஞரும் வைத்தியரும் ஆசிரியரும் ஆண்டுக்கு ஒருநாள் வருவாயை ஈயட்டும். கமக்காரர் அமைப்புகள் கேள்வியை வகுக்கட்டும். ரூபாவுக்கு ரூபா அரசு ஈடுசெய்யட்டும். முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் ஊர்மன்றில் வாசிக்கப்படட்டும். தும்பறை உழவனைப் பற்றிய நூல் அவன் மொழியில் வரவில்லை. அத்தவறு மீண்டும் வேண்டாம்.

நாம் இனாம் கேட்கவில்லை. வரி செலுத்தியவர் தம் பங்கைக் கேட்கிறோம்!