லயத்து நாயும் நம் பொறுப்பே

நாயைப் பற்றி எழுதத் தொழிலாளர் பத்திரிகையில் இடம் எதற்கு என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கூலியைப் பற்றி எழுதலாம். வீட்டைப் பற்றி எழுதலாம். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எழுதலாம். நாயைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? கேள்வி நியாயமானதே. ஆனால், லாபு வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும்: நாயில்லாத லயம் ஒன்றை நாம் கண்டதுண்டா? நம்மோடு பட்டினி கிடந்து, நம்மோடு காட்டுக்கு வந்து, நம் வாசலிலேயே உயிர்விட்ட ஜீவனைப் பற்றி நாம் பேசாமல் வேறு யார் பேசப் போகிறார்கள்?

பால்வெட்டுத் தொழிலாளிக்கு நாயின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பொழுது புலருமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகும்போது முன்னே ஓடுவது அது. மரத்தடிச் சருகில் பாம்பு சுருண்டு கிடந்தால் முதலில் நின்று குரைப்பதும் அதுவே. காட்டுப்பன்றி குறுக்கே வந்தால் எதிர்த்து நிற்கிறது. தன்னந்தனியே மரம் வெட்டும் பெண்ணுக்கு அதைவிட்டால் வேறு துணையில்லை. மங்கில் பால் வடிந்து முடியும்வரை வாளியருகே படுத்திருந்து, நாம் பால் எடுத்து ஸ்டோருக்குப் போகையில் கூடவே வருகிறது. கிராணிமார் வீட்டு வாசலிலும் இரவெல்லாம் காவல் காப்பது அதன் இனந்தான். அதற்குச் சம்பளமில்லை, போனஸ் இல்லை, லீவு இல்லை. மிஞ்சிய சோறு ஒரு பிடி, கருவாட்டுத் தலை ஒன்று, இவைதாம் அதன் கூலி.

இத்தகைய ஜீவனுக்கு நாம் திருப்பிச் செய்வது என்ன? முதலாளியின் குறையை அஞ்சாமல் எடுத்துச் சொல்லும் நாம், நம்முடைய குறையையும் மறைக்கலாகாது. உச்சி வெயிலில் சங்கிலியில் கட்டிவிட்டு, ஒரு சட்டித் தண்ணீர் வைக்க மறந்து போகிறோம். நாய் குட்டி போட்டால் ஆண் குட்டிகளை அக்கம்பக்கத்தார் எடுத்துக்கொள்கிறார்கள். பெட்டைக் குட்டிகளையோ சாக்கில் போட்டுக் காட்டோரத்திலும் கோயில் ஓரத்திலும் சந்தை ஓரத்திலும் விட்டுவிட்டு வருகிறோம். செத்தவை போகப் பிழைத்தவை ஒரு வருஷத்திற்குள் பருவமடைந்து, ஒன்பது வாரம் சினை சுமந்து, தாமும் குட்டி போடுகின்றன. பிறகு, தெருநாய் பெருகிவிட்டதே என்று முறையிடுகிறவர்களும் நாமே. விதைத்தவன் யார் என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்த்தோமா?

இதைவிடப் பெரிய கொடுமை, தோட்டம் கைமாறும்போது நடக்கிறது. ஒருபுறம் நீலாயும் மறுபுறம் சிரம்பானும் வளர்ந்து லாபுவை நெருங்கி வருகின்றன. 1998 ஆம் ஆண்டில் சிப்பாங் விமான நிலையம் திறக்கப்பட்ட பிறகு, இந்த வட்டார நிலத்தின்மீது பலருடைய கண்ணும் விழுந்தது. 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லாபுவிலேயே ஒரு விமான முனையம் கட்டப் போவதாகப் பேச்சு எழுந்து, பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். பால்மரம் நின்ற மண்ணில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற மண்ணில் வீடமைப்புத் திட்டம் வருகிறது. லயத்தில் இருந்த குடும்பங்கள் லாரியில் சாமான் ஏற்றி அடுக்குமாடி வீடுகளுக்குப் போகின்றன. பாத்திரம் ஏறுகிறது, கட்டில் ஏறுகிறது, சாமி படம் ஏறுகிறது. நாய் மட்டும் ஏறுவதில்லை. மூன்றாம் மாடியில் நாய் வளர்க்க இடமில்லை என்கிறார்கள்.

பூட்டிய கதவின் முன்னால் நாட்கணக்கில் படுத்துக் கிடந்த நாய்களை நாம் கண்டிருக்கிறோம். பசி முற்றிய பிறகு அவை கூட்டமாகச் சேர்ந்து சாலைக்கு வருகின்றன. சில காரில் அடிபடுகின்றன. சில கோழியைப் பிடிக்கின்றன. ஒன்றிரண்டு பிள்ளைகளைக் கடிக்கின்றன. கடைசியில் நாய் பிடிக்கிறவர்கள் வந்து சேருகிறார்கள். திருவிழாக் காலத்தில் நம் தோட்டங்களில் பாரதக் கூத்து பார்த்த பெரியவர்களுக்குத் தருமர் கதை தெரியும். கூடவே நடந்து வந்த நாயை வெளியே விட்டுவிட்டுத்தான் சொர்க்கத்திற்குள் வரவேண்டும் என்றால், அந்தச் சொர்க்கமே வேண்டாம் என்றார் அவர். நமக்குக் கிடைப்பதோ சொர்க்கமன்று. மூன்று அறை கொண்ட ஒரு வீடு. அதற்காக நாயை நடுத்தெருவில் விடுவது எந்தத் தருமம்?

இரக்கத்தை ஒருபுறம் வைத்தாலும் இது நம் உயிரைப் பற்றிய காரியம். வெறிநாய்க்கடி நோய் என்பது பழங்கதையன்று. நோயுள்ள நாயின் எச்சிலிலிருந்து கடிவாய் வழியாகப் புகும் கிருமி, நரம்பின் வழியே மெல்ல ஏறி மூளையைச் சேருகிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் வரை வெளியே ஒன்றும் தெரியாது. தண்ணீரைக் கண்டு அஞ்சும் நிலை வந்துவிட்டால் பிறகு எந்த வைத்தியமும் பலிப்பதில்லை எனலாம். பாரிஸ் நகரத்தில் லூயி பாஸ்டர் 1885 ஆம் ஆண்டில் இதற்குத் தடுப்பு மருந்து கண்டார். நம் முன்னோர் கப்பலேறி வந்த தமிழகத்திலே, குன்னூரில் 1907 ஆம் ஆண்டிலேயே பாஸ்டர் நிலையம் எழுந்தது. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்ட கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம்.

இந்த நாட்டின் வரலாற்றைப் பாருங்கள். 1952 ஆம் ஆண்டில் மலாயாவில் வெறிநாய்க்கடி நோய் தலைதூக்கியபோது, நாய்களுக்குத் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது. தெருநாய்களும் கொல்லப்பட்டன, அதை நாம் மறைக்கவில்லை. ஆனால், நோயைத் துரத்தியடித்த பெருமை நாடு முழுவதும் ஒரே மூச்சாகப் போடப்பட்ட ஊசிக்கே உரியது. மலாயா கண்ட இந்த வெற்றியை 1954 ஆம் ஆண்டில் உலகச் சுகாதார அமைப்பின் இதழே எழுதி உலகத்திற்கு அறிவித்தது. அதே 1954 ஆம் ஆண்டில்தான் தனித்தனியாக நின்ற தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஒரு பாடம் கிடைக்கிறது.

ஒரு லயத்தில் பத்து நாய்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மட்டும் தம் நாய்க்கு ஊசி போட்டால் அந்த நாய் பிழைக்கும்; லயம் பிழைக்காது. நூற்றுக்கு 70 நாய்களுக்குக் குறையாமல் ஊசி போட்டால்தான் நோய் பரவ வழியின்றி அழியும் என்பது உலகச் சுகாதார அமைப்பு வகுத்துள்ள கணக்கு. கூலி உயர்வு கேட்கத் துரையிடம் தனியாகப் போன தொழிலாளிக்கு என்ன கிடைத்தது என்பது நமக்குத் தெரியும். பத்தில் ஏழு பேர் சேர்ந்து நின்றபோது என்ன கிடைத்தது என்பதும் தெரியும். நோயும் முதலாளியைப் போலத்தான். ஒற்றையாய் நிற்பவரைக் கண்டு அது அஞ்சுவதில்லை.

சேர்ந்து நிற்பதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாடு பார்த்துவிட்டது. 2013 ஆம் ஆண்டில் வெறிநாய்க்கடி நோயற்ற நாடு என்ற பெயரை மலேசியா பெற்றது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 2015 ஆம் ஆண்டில், பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மாநிலங்களில் நோய் மீண்டும் தலைகாட்டியது. 2017 ஆம் ஆண்டில் சரவாக்கில், செரியான் பகுதியில் முதலில் பலியானவர்கள் குழந்தைகள். அதன்பின் அம்மாநிலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இந்நோயால் மாண்டிருக்கின்றனர். சரவாக் கடலுக்கு அப்பால்தானே இருக்கிறது என்று லாபுவில் நாம் காலை நீட்டிப் படுக்கலாமா?

சுட்டுத் தள்ளினால் தொல்லை தீரும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். தீராது. ஊசி போட்ட நாய் ஒன்று செத்தால், அதன் இடத்திற்கு ஊசி போடாத நாய் ஒன்று அடுத்த தோட்டத்திலிருந்து வந்து சேரும். குப்பைத் தொட்டி நிறைந்திருக்கும் வரை நாய் வந்துகொண்டுதான் இருக்கும். ஊசி, கருத்தடை, குப்பையை மூடி வைத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் தீர்வு. மேலும், 2015 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, பிராணியை வதைப்பவருக்கு 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கொதிநீர் ஊற்றுகிறவர்களும் விஷச் சோறு வைக்கிறவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

கடிபட்டவர்கள் செய்ய வேண்டியதை ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். கடிவாயை உடனே சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைத்து அப்பக் கூடாது. மந்திரிக்கப் போய் நாளைக் கடத்தக் கூடாது. அன்றைக்கே அரசாங்கக் கிளினிக்குக்கோ சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கோ போய்விட வேண்டும். இப்போது தோளில் போடும் சில ஊசிகளே போதும். ஆனால், டாக்டர் சொன்ன நாள் தவறாமல் போக வேண்டும். அடித்தால் அப்பா கோபிப்பார் என்று பிள்ளை கடியை மறைப்பதுண்டு. கடியைச் சொன்ன பிள்ளையை அடிக்காதீர்கள். அதன் உயிரைக் காப்பது அந்தச் சொல்தான்.

நாயின் நலத்திலும் நம் பழக்கங்கள் சில மாற வேண்டும். சொறி பிடித்த நாய்க்கு எஞ்சின் கழிவெண்ணெயைப் பூசுவது தோட்டத்துப் பழைய வைத்தியம். நாய் அதை நக்கி வயிறு கெட்டுச் சாகிறதே தவிரப் பிழைப்பதில்லை. சொறிக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி. மிருக வைத்தியரிடம் அதற்கு நல்ல மருந்து இருக்கிறது. செம்பனைக் காட்டில் எலிக்கு வைக்கும் விஷத்தைத் தின்ற எலியை நாய் தின்றால், இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ஈறிலும் மூக்கிலும் இரத்தம் கசியும். அப்போதும் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு போனால், கே வைட்டமின் மருந்தினால் பிழைக்க வைக்க முடியும். களைக்கொல்லி அடித்த டின்னில் நாய்க்குத் தண்ணீர் வைக்கவே கூடாது. நம் பெண்களை வாட்டிய பாராகுவாட் மருந்து 2020 ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. ஆனால், களைக்கொல்லி எல்லாமே ஒழிந்துவிடவில்லை. ஸ்டோரில் பாலை உறைய வைக்கும் ஆசிட் பக்கமும் நாயை அண்டவிடலாகாது.

அண்டை வீட்டாரையும் எண்ண வேண்டும். தோட்டத்தை ஒட்டிய கம்பங்களில் வாழும் மலாய்ச் சகோதரர்களுக்கு, நாயின் எச்சில் பட்டால் மண்ணும் நீரும் கொண்டு ஏழு முறை கழுவித் தூய்மை செய்ய வேண்டும் என்பது மத நெறி. நம் நாய் அவர்கள் வாசலில் போய் நின்றால் மனக்கசப்பு வருவது இயல்பே. அந்தக் கசப்புக்கு நாயின்மீது பழியில்லை. அதை அவிழ்த்துவிட்ட நம்மீதே பழி. இரவில் கட்டி வைப்போம், பகலில் வேலியடைப்போம், லைசென்ஸ் எடுத்துக் கழுத்தில் வில்லை மாட்டுவோம். ஒழுங்காக வளர்த்த நாயினால் சண்டை வந்ததாக நாம் கேட்டதில்லை.

ஆகவே, கிளைத் தலைவர்களுக்கு நம் வேண்டுகோள் இது. ஆண்டுக்கு ஒரு நாள், பெரட்டுக் களத்திலேயே கால்நடைச் சேவை இலாகாவினரை வரவழைத்து எல்லா நாய்க்கும் ஊசி போட ஏற்பாடு செய்யுங்கள். லயத்துக்கு லயம் நாய்களை எண்ணிப் பட்டியல் எழுத ஒரு கிராணியார் முன்வரட்டும். செக்ரோல் எழுதிப் பழகிய கைக்கு அது பெரிய வேலையன்று. பெட்டை நாய்களுக்குக் கருத்தடை செய்ய வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்து ஒரு பொதுப்பணம் வையுங்கள். நகராண்மையினர் நாய் பிடிக்க வருமுன் லயத்திற்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்டம் விற்பனையாகி மாற்று வீடு பற்றி நிர்வாகத்துடன் பேச உட்காரும்போது, சுற்றிலும் முற்றமுள்ள தரைவீடு வேண்டும் என்பதை முதலிலேயே வற்புறுத்துங்கள். கோழிக்கும் நாய்க்கும் இடமிருந்த வாழ்க்கையை விட்டுக்கொடுத்துவிட்டுத் தீப்பெட்டி போன்ற அறையை வாங்கிக்கொள்வது நமக்கும் நல்லதன்று.

அதுவும் கிடைக்காமல் போனால், நாயை ஏற்றுக்கொள்ளும் ஒரு வீட்டைத் தேடிக் கொடுத்துவிட்டே லாரியில் ஏறுவோம். வைரவர் வாகனம் என்று கோயிலில் கும்பிடுகிற நாயைத் தெருவில் தவிக்க விடுவது முறையாகாது. நூறாண்டுகளுக்கு மேலாக இந்தக் காட்டில் உழைத்த நம்மை, வேலை முடிந்ததும் வெளியே போ என்று சொன்னார்களே என்று நாம் கொதித்தோம். அந்தக் கொதிப்பு நியாயமானது. அப்படியானால், நம் வாசலில் உழைத்த வாயில்லா ஜீவனிடம் அதே சொல்லை நாம் சொல்லலாமா?